இரவு டிபனுக்கு 21 நாள் திட்டமா? பணம் கட்டாதீர்கள்

கேள்வி: திருநெல்வேலியில் இருக்கிறேன். வேலை முடிந்து வீடு வர மாலை ஆறரை ஆகிவிடும். ராத்திரிக்கு இட்லி, தோசை, சப்பாத்தி என்று அதே மூன்றுதான் மாறி மாறி வருகிறது. 9, 13 வயதில் இரண்டு பிள்ளைகள். தட்டைப் பார்த்ததுமே முகம் சுளிக்கிறார்கள். மாமியாருக்கு 68 வயது. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 21 நாள் இரவு உணவுத் திட்டமும், கூடவே சிறுதானிய மிக்ஸும் கீரைப் பொடியும் ரூ.3,500-க்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பாட்டுத் திட்டம் போடுகிறவருக்கு டப்பா விற்றால் போதும். அதுவும் உங்கள் வீட்டுக்குக் கீரைப் பொடியை அனுப்புகிறார்! அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பிள்ளைகள் விஷயம். இட்லி, தோசை நல்ல உணவு, நிறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் சலிப்புத் தருவது தினமும் வரும் அதே தேங்காய்ச் சட்னிதான். வாரத்தில் ஐந்து நாள் இருக்கிற டிபனே இருக்கட்டும், தொட்டுக்கொள்வதை மட்டும் மாற்றுங்கள். காலையில் கிளம்பும்போது ஒரு கை பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ ஊறப் போட்டால், மாலையில் குக்கரில் வேகவைத்துத் தக்காளி, வெங்காயம் சேர்த்துக் கடைந்துவிடலாம். சட்னியில் கிடைக்காத புரதம் அதில் கிடைக்கும். இன்னொரு நாள் எள்ளுப்பொடி, இன்னொரு நாள் முட்டைக் குழம்பு. மாவு புளித்துவிட்டால் குழிப்பணியாரம்.

மீதி இரண்டு நாளைக்குப் புதிதாக ஏதாவது செய்யுங்கள். அதற்கும் வெளியே தேட வேண்டாம். உங்கள் ஊரின் உளுந்தம்பருப்புச் சோறு இருக்கிறதே! ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியோடு கழுவி, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு கை தேங்காய்த்துருவல், உப்பு, நான்கு டம்ளர் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு நான்கு விசில் விட வேண்டியதுதான். தொலியை எடுத்துவிடாதீர்கள், நார்ச்சத்து அதில்தான். எள்ளுத் துவையல் அரைத்துச் சூடாகப் போட்டால் பிள்ளைகள் தட்டை நகர்த்த மாட்டார்கள். இன்னொரு நாளைக்கு அடை.

சிறுதானிய மிக்ஸுக்கு வருவோம். பாக்கெட்டின் முன்பக்கத்தில் தினையும் கேழ்வரகும் படமாக நிற்கும். பின்பக்கம் திருப்புங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக எழுத வேண்டும் என்பது சட்டம். முதல் பெயர் அரிசி மாவு அல்லது மைதா என்றால், நீங்கள் பணம் கொடுப்பது அதற்குத்தான். ஆனால் அந்தப் பட்டியல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதுமாம், தமிழ் கட்டாயமில்லை! எறும்பு சைஸ் எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டு, மக்கள் லேபிள் படிப்பதில்லை என்று குறை சொல்வதில் என்ன நியாயம்? சிறுதானியம் வேண்டுமென்றால் மளிகைக் கடையில் சாமையோ தினையோ தனியாக வாங்கி, இட்லி அரிசியில் பாதிக்குப் பதிலாக ஊறப் போட்டு அரையுங்கள்.

இனி மாமியார். மற்றவர்களுக்கு நான் சொல்லும் 'தினம் ஒரு கீரை' இவருக்குப் பொருந்தாது. செயற்கை வால்வு என்றால் அவருடைய மாத்திரை பெரும்பாலும் வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் வகையாக இருக்கும். கீரையில் உள்ள வைட்டமின் கே ரத்தம் உறைய உதவும். மாத்திரை அதற்கு எதிராக வேலை செய்யும். திடீரென்று கீரை கூடினால் மாத்திரையின் வேகம் குறைந்து வால்வில் ரத்தம் கட்டலாம். திடீரென்று நிறுத்தினால் மாத்திரையின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை ஒரு கரண்டி கீரை அவருக்குப் பழக்கம் என்றால், எல்லா வாரமும் அதே அளவு இருக்கட்டும். கொத்தமல்லி, புதினாச் சட்னியும் இந்தக் கணக்கில் வரும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அடையில் முருங்கைக்கீரை போடுவதாக இருந்தால், அவருக்கு முதலில் இரண்டு அடை கீரையில்லாமல் ஊற்றிவிட்டு மீதி மாவில் கலந்துகொள்ளுங்கள். இலையை உலர்த்திப் பொடித்தால் ஒரு ஸ்பூனிலேயே நிறைய இலை அடங்கிவிடும், அதனால் கீரைப் பொடி வேண்டவே வேண்டாம்.

ஆஸ்பத்திரிகளில் வீட்டுக்கு அனுப்பும்போது 'கீரை தவிர்க்கவும்' என்று ஒரே வரி எழுதிக் கொடுப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பத்து நிமிடம் உட்கார வைத்து விளக்க ஆள் போட மாட்டார்கள். பயந்துபோய்ப் பச்சையாக எதையுமே தொடாமல் இருக்கும் பெரியவர்கள் எத்தனை பேர்! அந்த இடைவெளியில்தான் இந்தப் பொடிக்காரர்கள் நுழைகிறார்கள்.

மாமியார் இப்போது வாரத்தில் என்னென்ன கீரை, எத்தனை கரண்டி சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனைக்கு அடுத்த முறை போகும்போது அதை இதய மருத்துவரிடம் காட்டி, ராத்திரி சாப்பாட்டை மாற்றப் போவதையும் சொல்லிவிடுங்கள். மாத்திரை அளவை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.