கணக்குப்பிள்ளைக்கு இனி என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

செயற்கை நுண்ணறிவு தொழில்களை எவ்வாறு மாற்றுகிறது என்று கேட்டு இந்த மாதம் வந்த கடிதங்களுள் ஐந்தைத் தெரிந்தெடுத்து, கேள்விகளைச் சுருக்கி, இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்று, கணக்கீட்டுத் துறையின் தொழில்முறைப் பரீட்சைகளுக்குப் படிக்கிறாள். கனடாவில் இருக்கும் என் தம்பி, இன்னும் சில வருடங்களில் கணக்காளரே தேவைப்படாது, பணத்தை வீணாக்க வேண்டாம் என்கிறார். படிப்பை மாற்றச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: வேண்டாம், சகோதரி. ஆனாலும் உங்கள் தம்பி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

கணக்காளர் என்ற ஒரு பெயருக்குள் பல வேலைகள் அடங்கியிருக்கின்றன. பற்றுச்சீட்டுகளைப் பார்த்துப் பதிவது, காசேட்டை வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டு இணக்குவது, பற்றும் வரவும் சமன்படுகின்றனவா என்று பார்க்கப் பரீட்சை மீதி எடுப்பது ஆகியவை ஒரு வகை. அந்த எண்கள் மெய்யானவையா என்று ஐயுற்று விசாரிப்பது, வரிச் சட்டத்தைப் பொருத்திப் பார்ப்பது, இறுதியில் தன் கையொப்பத்தை இட்டுப் பொறுப்பேற்பது ஆகியவை மற்றொரு வகை. இயந்திரம் இப்போது விரைந்து கைப்பற்றிக்கொண்டிருப்பது முதல் வகையை. சர்வதேசத் தொழில் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வில், எழுதுவினைஞர்கள் செய்யும் பணிகளில் 24 சதவீதமானவை இந்தத் தொழில்நுட்பத்தின் தாக்கத்துக்கு மிக அதிகமாகவும், மேலும் 58 சதவீதமானவை நடுத்தர அளவிலும் ஆட்படக்கூடியவை என்று மதிப்பிடப்பட்டிருந்தது. வேறு எந்தத் தொழிற்பிரிவும் இதற்கு அருகில்கூட வரவில்லை. அத்தகைய மேசைகளில் அமர்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம் என்பதால் அடி அவர்களுக்கே கூடுதலாக விழும் என்பதையும் அந்த ஆய்வு சுட்டியிருந்தது.

இரண்டாம் வகை என்னவென்று ஒரு சம்பவத்தால் சொல்கிறேன். இளவயதில் நான் கணக்காய்வு உதவியாளனாக இருந்தபோது, ஓர் அரிசி ஆலைக்கு ஆண்டிறுதி இருப்பெடுக்கப் போனேன். அடுக்கியிருந்த மூட்டைகளின் எண்ணிக்கை இருப்புப் புத்தகத்தோடு ஒன்றுகூடப் பிசகாமல் ஒத்துப்போனது. என்னோடு வந்த மூத்தவர் மட்டும் பின்வரிசை மூட்டை ஒன்றைக் கையால் அமுக்கிப் பார்த்தார். பிறகு குத்தூசியை வாங்கிச் செருகினார். நெல்லுக்குப் பதில் உமி கொட்டியது. எண்ணிக்கை சரியாக இருக்கும்போதே சந்தேகப்படும் அந்தக் கை, எத்தனையோ வருடங்கள் மூட்டை எண்ணியதால் வந்த கை.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பயிலுநர் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் செய்து பழகும் சில்லறை வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால், மூத்தவராவதற்கு ஏற வேண்டிய முதற்படியே காணாமற்போகிறது. ஐக்கிய அமெரிக்காவின் சம்பளப் பதிவுகளை வைத்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஓகஸ்டில் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: இத்தொழில்நுட்பம் அதிகம் நுழைந்த தொழில்களில் 22 முதல் 25 வயது வரையானோரின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிடும்போது 13 சதவீதம் குறைந்திருந்தது, அதே தொழில்களில் அனுபவசாலிகளுக்குப் பெரிய குறைவு ஏதுமில்லை. அது அமெரிக்க நிலவரம், நம்முடையது அன்று. எனினும் அங்கிருந்து வெளியில் கொடுக்கப்படும் கணக்கெழுதும் வேலைகளை நம்பிக் கொழும்பில் பல நிறுவனங்கள் இயங்குவதால், அந்தக் காற்று இங்கே வீசாது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆகவே மகள் படிப்பைத் தொடரட்டும். பயிற்சி பெறும் இடத்தைத் தெரிவதில் மட்டும் கவனமாக இருக்கட்டும். பெரிய பெயருள்ள நிறுவனத்தில் ஒரே திரையில் ஒரே பதிவைச் செய்வதைவிட, நிலாவெளிப் பக்கத்து விடுதியோ, கூட்டுறவுச் சங்கமோ, நகரத்து மொத்த வியாபாரமோ, சரக்கும் காசும் மனிதரும் கண்முன் நடமாடும் ஓரிடத்தில் அவள் கணக்குப் பார்க்கப் பழகுவது நல்லது.

கேள்வி: 30 கோடி வேலைகள் போய்விடும் என்று ஒரு செய்தி, புதிய வேலைகள் கோடிக்கணக்கில் வரும் என்று இன்னொரு செய்தி. எதை நம்புவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தம்பலகாமம்

பதில்: இரண்டையும் செய்தித் தலைப்பிலிருந்து கழற்றி எடுத்துப் படிக்க வேண்டும், ஐயா. 30 கோடி என்பது கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி 2023இல் சொன்ன மதிப்பீடு. அத்தனை முழுநேர வேலைகளுக்கு ஈடான பணி தானியங்கலுக்கு ஆட்படக்கூடும் என்றுதான் அது கூறியது. ஆட்படுதல் வேறு, அழிதல் வேறு. சர்வதேச நாணய நிதியம் 2024 ஜனவரியில், உலக வேலைகளில் ஏறத்தாழ 40 சதவீதமும், செல்வந்த நாடுகளில் 60 சதவீதமும், வருமானம் குறைந்த நாடுகளில் 26 சதவீதமும் இவ்வாறு ஆட்படும் என்று கணித்தபோது, செல்வந்த நாடுகளில் அவற்றுள் ஏறக்குறைய பாதி வேலைகளுக்கு அது துணையாக அமையலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. உலகப் பொருளாதார மன்றத்தின் 2025 அறிக்கை, 2030க்குள் 17 கோடி வேலைகள் புதிதாகத் தோன்றும், 9 கோடியே 20 இலட்சம் வேலைகள் இல்லாமற்போகும் என்கிறது. அந்தக் கணக்கில் காலநிலை, மக்கள்தொகை முதலிய பிற காரணிகளும் கலந்திருக்கின்றன; தவிர, அது தொழில்தருநர்களைக் கேட்டு எழுதப்பட்டது. கழித்துப் பார்த்து மிச்சம் 7 கோடியே 80 இலட்சம் என்று மகிழ்வதற்கு முன், வேலையிழப்பவரும் வேலை பெறுபவரும் ஒரே ஆளாக இருப்பதில்லை என்பதை நினைக்க வேண்டும்.

பொருளாதார வளர்ச்சி பற்றியும் இதே இழுபறி உண்டு. பத்தாண்டுகளில் உலக உற்பத்தி 7 சதவீதம் கூடும் என்றது அதே கோல்ட்மன் சாக்ஸ். 2024இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவரான டாரன் அசெமோக்லு, அமெரிக்கப் பொருளாதாரத்தின் மொத்த உற்பத்தித்திறன் பத்தாண்டுகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே உயரும் என்று கணக்கிட்டார். இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவை அன்று. எனினும் கற்றறிந்தவர்கள் இவ்வளவு தூரம் முரண்படும் இடத்தில், துல்லியமான எண்ணோடு வந்து நிற்பவரைச் சற்று விலகி நின்று கேட்பதே என் வழக்கம்.

கேள்வி: நகரில் தட்டச்சு, போட்டோப்பிரதி, மொழிபெயர்ப்பு செய்யும் சிறு கடை நடத்துகிறேன். முன்பு கடிதமும் சுயவிபரக்கோவையும் எழுதுவிக்க வந்தவர்கள், இப்போது கைபேசியில் எழுதிக்கொண்டு அச்சிட மட்டும் வருகிறார்கள். இனி என்ன செய்வது?
– கடை உரிமையாளர், திருகோணமலை

பதில்: போன வருமானம் திரும்பி வரும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். சிங்களத்தில் மட்டும் வந்த அலுவலகக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கடை வாசலில் காத்து நின்றவர், இன்று கைபேசிக் கமராவைக் காட்டி அதன் சாரத்தை அறிந்துகொள்கிறார். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதப்பட்ட பின்பும் நீடித்த ஒரு குறைக்கு இயந்திரம் அரைகுறையாகவேனும் விடை தருகிறது; அவருக்கு அது நன்மை.

ஆனால் சாரம் அறிவது வேறு, சமர்ப்பிக்கத்தக்க பிரதி வேறு. அண்மையில் உறவினர் ஒருவரின் காணிப் பத்திரத்தை ஒரு செயலியிடம் கொடுத்து ஆங்கிலத்தில் கேட்டேன். ‘அறுதி உறுதி’ என்றிருந்ததை, முற்றிலும் விற்றுக் கைமாற்றும் சாதனம் என்று கொள்ளாமல், ‘ஐயத்துக்கு இடமில்லாத நிச்சயம்’ என்ற பொருளில் பெயர்த்துத் தந்தது. அந்தப் பிரதியோடு தூதரகத்துக்குப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தைப் படித்து வளர்ந்தவை. கணினிக் குறியீட்டில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கொ’வுக்கு ஆறு. தமிழ்ச் சொற்களும் இந்த இயந்திரங்களின் வயிற்றுக்குள் துண்டு துண்டாகவே போகின்றன. இலங்கை நொத்தாரிசின் தமிழ் அவற்றுக்கு இன்னும் தூரம்.

ஆகையால் தட்டச்சுக் கூலியை விட்டு, சரிபார்க்கும் கூலிக்கு மாறுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகும் தகுதியைப் பெற முடியுமானால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். முத்திரையிட்டு இது சரி என்று சொல்லும் பொறுப்பை எந்தச் செயலியும் ஏற்பதில்லை. ஓர் எச்சரிக்கையும் உண்டு. வாடிக்கையாளரின் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் இலவசச் செயலிகளில் ஏற்றிவிடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறமிருக்க, அவர் உங்களை நம்பித்தான் அந்தத் தாளைத் தந்தார்.

கேள்வி: இந்த இலாபமெல்லாம் கடைசியில் யாருக்குப் போகிறது?
– கணினி விஞ்ஞான மாணவன், கோணேசபுரி

பதில்: இதுவரையில், கணினிச் சில்லு செய்பவர்களுக்கும் மின்சாரத்தை வாங்கிக் குவிக்க வல்லவர்களுக்கும், தம்பி. என்விடியா என்ற ஒரு நிறுவனத்தின் சந்தைப் பெறுமதி 2025 ஜூலையில் 4 இலட்சம் கோடி டொலரைத் தொட்டது. உலகின் தரவு மையங்கள் 2024இல் ஏறத்தாழ 41,500 கோடி அலகு மின்சாரத்தைப் பயன்படுத்தியதாகச் சர்வதேச எரிசக்தி முகவரகம் கணித்தது. இலங்கை முழுவதும் ஓர் ஆண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப்போல அது இருபது மடங்குக்கும் மேல். இந்த இலாபக் கட்டடத்தின் அடித்தளத்தில் வேறோர் ஆள் இருக்கிறார்: சாட்ஜிபிடியை அருவருப்பான பேச்சிலிருந்து காப்பதற்காக, கொடூரமான பந்திகளை வாசித்து வகைபிரித்த கென்யத் தொழிலாளருக்கு மணித்தியாலத்துக்கு 2 டொலருக்கும் குறைவாகவே கிடைத்தது என்பது 2023 ஜனவரியில் வெளிவந்தது. திருகோணமலைச் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு வளம் வாசலில் இருப்பதும் அதன் பயன் வீட்டுக்கு வருவதும் ஒன்றல்ல என்று விளக்க வேண்டியதில்லை.

பங்கு கேட்டவர்களுக்குக் கிடைத்ததும் உண்டு. 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, இயந்திரத்தை எழுத்தாளராகக் கணக்கிடக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவித்தார்கள். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. உங்கள் துறையில் இங்கே அப்படி ஒன்று வலுவாக இல்லை என்பதையும் நீங்கள் யோசிக்கலாம்.

கேள்வி: கரைவலை இழுக்கிற எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மகன் மட்டும் கொழும்பில் ஓர் அழைப்பு நிலையத்தில் இருக்கிறான்.
– மீனவர், மூதூர்

பதில்: உங்கள் வலைக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, வாடைக் காலத்துக் கடலைப் பற்றிய முன்னறிவிப்பு மேம்படலாம். ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை முன்கணிப்பு மையம் 2025 பெப்ரவரியிலிருந்து செயற்கை நுண்ணறிவு முறையாலும் அன்றாடம் முன்கணிப்பு வெளியிடுகிறது. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டாவது வரிதான் உண்மையான கேள்வி.

அழைப்பு நிலையங்களே முதலில் ஆட்டங்கண்ட இடம். சுவீடனின் கிளார்னா என்ற நிதிச் சேவை நிறுவனம் தன் இயந்திர உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்கிறது என்று 2024இல் அறிவித்தது. அடுத்த ஆண்டே, தரம் குறைந்தது என்று ஒப்புக்கொண்டு மனிதர்களை மீண்டும் சேர்க்கத் தொடங்கியது. 5,179 வாடிக்கையாளர் சேவை ஊழியர்களை ஆராய்ந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், இயந்திரத்தின் துணையோடு சராசரியாக 14 சதவீதமும், புதியவர்கள் 34 சதவீதமும் கூடுதலாகச் சிக்கல்களைத் தீர்த்தார்கள். பழையவர்களுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. உள்ளே இருக்கும் புதியவனுக்கு அது கைகொடுக்கிறது. ஆனால் குறைந்த ஆட்களே போதும் என்று முதலாளி நினைத்துவிட்டால் வெளியே நிற்பவனுக்குக் கதவு ஒடுங்குகிறது. மகன் உள்ளே இருக்கிறான் என்பது அவனுக்கு நல்ல நேரம். கடவுச்சொல்லை மாற்றித் தரும் அழைப்புகளை விட்டு, கோபத்தோடும் குழப்பத்தோடும் வருகிற, தமிழும் சிங்களமும் கலந்த முறைப்பாடுகளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, இயந்திரத்தால் தீர்க்க முடியாமல் தன்னிடம் வந்த அழைப்புகள் எவை என்று அவனிடம் கேட்டு எழுதுங்கள். அவற்றைப் பற்றி இங்கேயே பேசலாம்.