'பெதட்டிக்' என்று எழுதியதில் என்ன தப்பு?

மேலாளரின் அம்மா மருத்துவமனையில் இருப்பதைக் கேட்டு, "யுவர் மதர்ஸ் கண்டிஷன் இஸ் பெதட்டிக்" என்று செய்தி அனுப்பினீர்கள். அன்றிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அகராதியில் 'பரிதாபமான' என்றுதானே இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறதுதான். 'பாத்தோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குத் துன்பம், உணர்ச்சி என்று பொருள். அதிலிருந்து வந்த இந்தச் சொல்லும் முதலில் மனதை உருக்குவதையே குறித்தது. 20ஆம் நூற்றாண்டில் ஏளனம் ஏறிவிட்டது. இன்று கேட்பவர் காதில் 'சே, கேவலம்' என்றுதான் விழும். 'பிட்டிஃபுல்' பக்கமும் போகாதீர்கள், ஏறக்குறைய அதே கதை.

நம் 'ஐயோ பாவ'த்துக்குப் பொருந்துவது 'புவர்'. ஆனால் பெயருக்கு முன்னால் வர வேண்டும். 'புவர் மேன்' என்றால் இடத்தைப் பொறுத்து ஏழை, இல்லை பாவப்பட்ட மனுஷன். 'தி மேன் இஸ் புவர்' என்றால் காசில்லாதவன், அவ்வளவுதான். கேரளத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரரான உங்களுக்கு இது பழகியதுதான்: மலையாளத்தில் 'பாவம்' என்றால் இரக்கத்துக்குரியவர், 'பாவப்பெட்டவன்' என்றால் ஏழை. (பாவ புண்ணியத்துக்கு அவர்கள் 'பாபம்' என்று தனியாக வைத்திருக்கிறார்கள், நாம்தான் இரண்டையும் ஒரே சொல்லில் ஓட்டுகிறோம்.)

அதற்காக மேலாளரிடம் 'புவர் லேடி' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், மேலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். "ஐ ஆம் சாரி டு ஹியர் அபௌட் யுவர் மதர்" போதும். அதைவிட, நேரில் போய், "சார், அந்த வார்த்தையைத் தப்பாகப் போட்டுவிட்டேன், அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.