கஞ்சி போடுவது – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

பாத்திரம் தேய்ப்பது, வீடு கூட்டுவது, துணி மடிப்பது எதுவும் எனக்கு ஒத்துவராது. கடனே என்றுதான் செய்வேன். பருத்திச் சேலைக்குக் கஞ்சி போடுவது மட்டும் பிடிக்கும். அதற்காகவே ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் இது கேலி. ஆனால் வேலை சரியாக வருவதில்லை. கருநீலச் சுங்குடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறது. முந்தானை அட்டை மாதிரி விறைக்கிறது, உடல் பகுதி தொளதொளவென்று கிடக்கிறது. எங்கள் வீட்டில் குக்கர் சாதம், வடிகஞ்சிக்கு வழியில்லை. மைதாவைக் காய்ச்சி வாளியில் ஊற்றி, சேலையை முக்கி எடுத்து, மொட்டை மாடியில் காயப்போடுகிறேன். எங்கே தப்பு?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்,

கேலி செய்பவர்களை விடுங்கள். காலையில் தேய்த்த பாத்திரம் மதியமே தொட்டியில் வந்து கிடக்கும். கஞ்சி போட்ட சேலை மொடமொடவென்று அலமாரியில் இருக்கும், பார்க்கும்போதெல்லாம் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். தவிர இந்த வேலையில் ஊறவும் காயவும் காத்திருக்கும் நேரம் உண்டு. அந்த நேரத்தில் யாரும் நம்மை வேறு வேலைக்குக் கூப்பிட முடியாது. பிடிக்காமல் எப்படி இருக்கும்?

திட்டுக்கு வருவோம். முதல் குற்றவாளி மைதா. மாவுச்சத்தோடு புரதமும் அதில் இருப்பதால், எவ்வளவு காய்ச்சினாலும் கண்ணாடி போலத் தெளியாது. காய்ந்ததும் மங்கலான படலமாகத் துணியில் நிற்கும். வெள்ளை வேட்டியில் அது தெரியாது, கருநீலத்தில் காட்டிக்கொடுத்துவிடும். ஜவ்வரிசிக்கு மாறுங்கள். அது மரவள்ளி மாவு, வெந்ததும் தெளிந்துவிடும்.

ஒரு சேலைக்கு 40 கிராம், அதாவது குவித்து இரண்டு மேசைக்கரண்டி. நைலான் ஜவ்வரிசி வேண்டாம், மாவு ஜவ்வரிசி சீக்கிரம் கரையும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதில் போட்டு, சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறுங்கள். ஜவ்வரிசி மணிக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளி முழுவதும் மறைய வேண்டும். அந்தப் புள்ளி வேகாத மாவு. அது துணியில் ஏறினால் திட்டு நிச்சயம். அடுத்து, சூடாக இருக்கும்போதே மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். டீ வடிகட்டி போதாது, குழகுழப்பான கட்டிகள் அதன் கண் வழியே நழுவி இறங்கிவிடும். ஆறினால் கஞ்சி கெட்டிப்பட்டு வடியாது என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. வடித்ததை வாளியில் மூன்று லிட்டர் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் ஒரு சேலைக்குச் சரியான பதம். விரலை முக்கி எடுத்து இரண்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தால் வழவழப்பு தெரிய வேண்டும், ஒட்டக் கூடாது.

வடிகஞ்சி கிடைத்தால் அதுவும் நல்லதுதான். பச்சரிசிக் கஞ்சி வெள்ளையாக இருக்கும். புழுங்கலரிசிக் கஞ்சியில் லேசாகப் பழுப்பு தட்டும், வெள்ளைத் துணிக்கு ஆகாது. உப்புப் போட்டு வடித்த கஞ்சியை மட்டும் தொடாதீர்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் சேலை நமத்துப்போய் நிற்கும்.

முந்தானை விறைத்து உடல் தொய்வதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். காய்ந்த சேலையை அப்படியே முக்கினால், முதலில் தண்ணீரில் படும் இடம் கஞ்சியை வாரி இழுத்துக்கொள்ளும். கடைசியில் இறங்கும் இடத்துக்கு மிச்சம்தான். அதனால் சேலையை முதலில் நல்ல தண்ணீரில் முழுக்க நனைத்து, பிழிந்து, நீளவாக்கில் விசிறி மடிப்பாக மடித்து, மொத்தமாக ஒரே சமயத்தில் கஞ்சிக்குள் அமுக்குங்கள். ஐந்து நிமிடம் புரட்டிப் புரட்டி ஊறவிடலாம். எடுக்கும்போது கையால் அமுக்கிப் பிழிய வேண்டும், முறுக்கக் கூடாது. முறுக்கின சுருக்கத்திலேயே கஞ்சி இறுகினால் இஸ்திரிக்கு மசியாது.

இரண்டாவது காரணம் கொடி. ஈரச் சேலையில் கஞ்சி கீழ்நோக்கி இறங்கும். முந்தானை கீழே தொங்கினால் அங்கேதான் சேரும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, சொட்டுவது நிற்கும்வரை, தொங்கும் பக்கத்தை மாற்றிப் போடுங்கள். மொட்டை மாடி வெயில் வேண்டாம். அடர் நிறம் வெளுக்கும், நீவி விடுவதற்குள் மடிப்பிலேயே கஞ்சி விறைத்துவிடும். காற்றோட்டமான நிழல் போதும், உட்புறம் வெளியே தெரியும்படி.

முக்கால்வாசி காய்ந்ததும் இழுத்து நீவுவதுதான் இந்த வேலையின் சுகமான கட்டம். இதற்கு இரண்டு பேர் வேண்டும். கேலி செய்பவரையே கூப்பிடுங்கள். ஆளுக்கொரு முனையில் இரு மூலைகளையும் பிடித்து, முதலில் நீளவாக்கில் ஒரே சீராக இழுத்து, ஒரு உதறு. பிறகு கரையைக் கரையோடு சேர்த்து அகலவாக்கில் இழுக்க வேண்டும். பக்குவமாக இருந்தால் உதறும்போது படபடவென்று சத்தம் கேட்கும். கரை சுருங்கி நெளிந்தால் கஞ்சியைத் திட்ட வேண்டாம், நனைத்துச் சுருக்காமல் தைத்த ஃபால்ஸ் அது. புது ஃபால்ஸை ஓர் இரவு தண்ணீரில் போட்டு, காயவைத்துத் தேய்த்த பிறகே தைக்கக் கொடுங்கள்.

ஒரே வாளியில் பல துணி போடுவதானால் வேட்டி முதலில், இளம் நிறம் அடுத்து, கருநீலம் கடைசி. சாயம் இறங்கும் என்பதற்காக மட்டுமல்ல, ஒவ்வொரு ஈரத்துணியும் கொஞ்சம் தண்ணீரைக் கொண்டுவந்து கொஞ்சம் கஞ்சியை எடுத்துப்போவதால் வாளி நீர்த்துக்கொண்டே போகும். விறைப்பு அதிகம் வேண்டிய வேட்டி முன்னால் போவது அதற்கும் பொருந்தும். புதுச் சுங்குடியானால் முதல் இரண்டு மூன்று அலசல் தனியாக, கல்லுப்புத் தண்ணீரில். உப்பு சாயத்தைக் கட்டிப்போடாது, இறங்குவதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். கறுப்பு, காப்பிப்பொடி நிறச் சேலைகளுக்குக் கஞ்சியில் அரை டம்ளர் டீ டிகாக்‌ஷன் கலந்தால் வெளிறல் தெரியாது. பாலியஸ்டர் கலந்த துணிக்கு இந்தப் பாடே வேண்டாம், அதில் கஞ்சி சரியாகப் பிடிக்காது.

இஸ்திரி போடுவதற்கு முன் தண்ணீர் தெளித்து, இறுக்கிச் சுருட்டி, அரை மணி நேரம் பிளாஸ்டிக் பையில் வையுங்கள். காய்ந்த கஞ்சி விறைப்பானது, ஈரம் பட்டால்தான் இளகிச் சூட்டுக்குப் படியும். உட்புறத்தில் தேய்த்தால் கருநீலம் பளபளத்து நரைக்காது. பெட்டியின் அடியில் பழுப்பாகப் பொறுக்கு தட்டினால், இணைப்பைப் பிடுங்கி, வெதுவெதுப்பாக இருக்கும்போது ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கறை அடுத்த துணியில் ஏறும்.

மழைக்காலத்தில் கஞ்சி போடாதீர்கள். மெதுவாகக் காயும் துணியில் கஞ்சி புளித்து வாடை வரும், பூசணமும் பூக்கும். மாதக்கணக்கில் உடுத்தாத சேலையையும் கஞ்சியோடு அடுக்கக் கூடாது. இராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து விருந்து, விறைத்த மடிப்பில் நூலும் அறும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசி, கஞ்சி போனபிறகு வையுங்கள். இப்போது திட்டு விழுந்திருக்கும் சுங்குடிக்கும் அதேதான், ஆனால் அலசும்போது கூடவே வேறு துணி எதுவும் வேண்டாம்.