முதல் வருடம் வீட்டுக்குக் காசு அனுப்பாதீர்கள், தங்கச்சி

விசுவமடுவில் இருந்து ஜேர்மனிக்கு முதுநிலை படிக்க வந்து இரண்டு மாதம். அப்பா இல்லை, அம்மா கிழமைக்குக் கிழமை அறவிடும் கடனைக் கட்ட முடியாமல் நிற்கிறார், தம்பி அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. நீங்கள் படித்துக்கொண்டே இரவு வேலையும் செய்கிறீர்கள். படிப்பை விட்டுவிட்டு முழுநேர வேலைக்குப் போகட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தர்மபுரம், உங்களுக்கு முன்னமே ஜேர்மனிக்குப் படிக்க வந்தவன். இரண்டு பேரும் பரந்தன் முல்லைத்தீவு றோட்டுப் பிள்ளைகள் என்ற உரிமையில் முகத்துக்கு நேரே சொல்கிறேன்: படிப்பை விடாதீர்கள். முதல் வருடம் வீட்டுக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

கல்நெஞ்சன் என்று நினைக்க வேண்டாம். கணக்கைப் பாருங்கள். விசாவுக்காக வங்கியில் முடக்கிய 11,904 யூரோதான் மாதம் 992 ஆக உங்கள் கைக்கு வருகிறது. அறை வாடகை, 150 யூரோவுக்குக் கிட்ட வரும் மருத்துவக் காப்புறுதி, சாப்பாடு எல்லாம் அதற்குள். அந்தக் காசும் கனடா மாமா தந்ததும் காணியை ஈடு வைத்ததும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதில் பிய்த்து அனுப்பினால், ஒரு கடனை எடுத்து இன்னொரு கடனுக்குக் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது வாழக் காசு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள், படிப்பு நகர்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

முழுநேர வேலை என்பதும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. மாணவர் அனுமதியில் வருடத்துக்கு 140 முழுநாள், அல்லது 280 அரைநாள். படிப்பை விட்டால் அந்த அனுமதிக்கே அடித்தளம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் மாணவர் உதவியாளராகச் செய்யும் வேலை இந்த நாள்கணக்கில் சேராது. பேராசிரியரிடம் நேரே போய்க் கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் இதில்தான் பிந்துகிறார்கள். 'சேர்' வந்தால் எழும்பி நின்றே பழகிவிட்டோம், வாய் திறந்து கேட்டுப் பழகவில்லை.

என் கதையைச் சொல்கிறேன். 2009 ஓகஸ்டில், போர் முடிந்து எங்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள் இருந்து உயர்தரம் எழுதியவன் நான். என் சாதாரண தரச் சான்றிதழை அம்மா பொலித்தீன் பையில் சுற்றி, போரின் கடைசி மாதங்களில் சனம் ஒதுங்கிய மாத்தளன் கடற்கரை வரைக்கும் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். வழியில் எந்தப் பங்கரிலோ தண்ணீர் ஊறி, மூலையில் ஒரு மண்ணிறக் கறை. இங்கே பதிவுக்குப் போனபோது அங்கிருந்த பெண் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்து, தேநீர் ஊற்றிவிட்டாயா என்று கேட்டார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல?

2015 இல் வந்து இரண்டாம் மாதமே அனுப்பத் தொடங்கினேன். அப்பாவின் காலில் செல் துண்டு, அம்மா இடியப்பம் அவித்துக் கடைக்குப் போடுவார், எப்படி அனுப்பாமல் இருப்பது? இரவில் ஒரு களஞ்சியத்தில் பொதி பிரித்தேன், காலையில் வகுப்பில் பின்வாங்கில் தூங்கினேன். ஒரு பாடத்தில் இரண்டு தரம் தவறினேன். இங்கே பெரும்பாலான இடங்களில் மூன்று தரம்தான். அதிலும் தவறினால் அந்தப் படிப்பே முடிந்தது. அன்றிரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஏச்சு:

"வெறுங் கஞ்சி குடிச்சுத் தப்பி வந்த சனம் நாங்கள். உன்ர இருபதாயிரத்திலயோ உயிரோட இருக்கிறம்? படிக்கப் போனனி, படி."

அடுத்த மாதம் அனுப்பவில்லை. இடியப்பம் வழமைபோல அவிந்தது. மூன்றாம் தரம் சித்தியடைந்து தப்பினேன்.

உங்கள் அம்மாவின் கடன் வேறு விஷயம், அதை அப்படியே விடச் சொல்லவில்லை. புதுக் கடன் எடுத்துப் பழைய கடன் கட்டுகிறாரா என்று முதலில் கேளுங்கள். வன்னியில் பெண்களைத் தின்கிறது அந்தச் சுழல்தான். அப்படியென்றால் நீங்கள் மாதம் நூறு யூரோ அனுப்பினாலும் அது வட்டிக்கே போய்விடும். மாமாவிடம் இன்னொரு தரம் கேட்டு முழுதாக அடைத்துவிட்டு, வேலை எடுத்தபின் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் மாமா கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்க மாட்டார். தம்பியைப் பற்றி அவ்வளவு யோசிக்காதீர்கள். அரச பல்கலைக்கழகம் கிடைத்தால் கட்டணம் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இப்போது கிளிநொச்சி அறிவியல்நகரிலேயே இருக்கிறது.

படிப்பை முடித்தால் வேலை தேட 18 மாதம் தருவார்கள். எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. 2018 டிசம்பரில் எங்கள் ஊர் இருக்கிற கண்டாவளைப் பக்கமெல்லாம் வெள்ளம் ஏறியபோது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். கிணறு இறைக்க, சுவர் பூச, அம்மாவுக்குப் புதிதாக இடியப்பத் தட்டு வாங்க என்று ஒரே தரத்தில் அனுப்பினேன். களஞ்சியத்தில் ஒரு வருடம் முதுகு முறிந்து அனுப்பியதைவிட அது கூட.

சரி, உங்கள் முதல் பரீட்சை எப்போது? பெப்ரவரி என்றால் நாள் அதிகம் இல்லை. இந்தக் கிழமையே இரவு வேலையில் ஒரு நாளை வெட்டிவிட்டு, எந்தப் பாடம் கஷ்டம் என்று எனக்கு எழுதுங்கள்.