கேட்பார்கள், சொன்னதை நம்புவார்கள்

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்களுக்கு அங்குள்ளவர்களின் வாழ்க்கை முறை எப்படிப் படுகிறது? பதினெட்டு வயதானால் பிள்ளைகளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார்களாமே, பாசமே கிடையாதா?

முதலில் அந்தப் பதினெட்டு வயதுக் கதையை முடித்துவிடுகிறேன். கரோனா வந்த 2020 ஜூலையில் ப்யூ ஆய்வு மையம் எடுத்த கணக்குப்படி, 18 முதல் 29 வயது வரையிலான அமெரிக்கர்களில் 52 சதவீதம் பேர் அப்பா அம்மா வீட்டில்தான் இருந்தார்கள். அது கரோனாவால் எகிறிய எண்ணிக்கைதான், ஆனால் அதற்கு முன்பும் பாதிக்கு ரொம்பக் கீழே இல்லை. எங்கள் எதிர் வீட்டுப் பையனுக்கு இருபத்தாறு வயது. அவன் அம்மா இன்னும் அவன் துணியைத் துவைத்துப் போடுகிறார். ஆகவே பாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்.

நாங்கள் 2011-இல் திருநெல்வேலியிலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்தோம். கணவருக்கு எச்-1பி, அதாவது வேலை விசா. எனக்கும் மூன்று வயது மகளுக்கும் எச்-4, அதாவது அவருடைய விசாவில் தொங்கிக்கொண்டு வரும் விசா. வந்த ஊரைப் பற்றி எனக்கு முதலில் புரிந்த ஒரே விஷயம் இது: இங்கே எதற்கெடுத்தாலும் கேட்பார்கள். சொன்னதை அப்படியே நம்பியும் விடுவார்கள்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். வந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "குடிக்க ஏதாவது வேணுமா?" என்றார் அந்த அம்மா. நம் ஊர் மரியாதைப்படி "வேண்டாம், பரவாயில்லை" என்றேன். சரி என்று உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது தடவை கேட்பார், மூன்றாவது தடவை கேட்காமலே கொண்டுவந்து வைப்பார் என்று காத்திருந்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொண்டை வறண்டு வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டுப் பந்தியில் "போதும்" என்றால் இன்னொரு கரண்டி வைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே போதும் என்றால் போதும்தான்.

மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்தபோது டீச்சர் குனிந்து, அவள் கண் மட்டத்துக்கு இறங்கி, "ஆப்பிளா, பிஸ்கட்டா?" என்று கேட்டார். குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை, ஊட்டித்தான் விட்டிருக்கிறோம். ஒரே மாதத்தில் எங்கள் வீட்டிலும் தோசையா சப்பாத்தியா என்று கேட்டாக வேண்டிய நிலை வந்துவிட்டது.

அப்புறம் அவளுக்குப் பதின்மூன்று வயதானபோது வருடாந்தரப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சிரித்த முகமாக, "அம்மா ஒரு அஞ்சு நிமிஷம் வெளியே இருக்க முடியுமா?" என்றார். என் பிள்ளையிடம் என்னை வைத்துக்கொண்டு கேட்க முடியாதது என்ன இருக்கிறது? வரவேற்பறை மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், உள்ளே பொங்கிய கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுவது இங்கே குழந்தை மருத்துவர்களின் வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. காரில் வரும்போது "என்ன கேட்டாங்க?" என்றேன். "எனக்கு எப்படி இருக்குன்னு கேட்டாங்கம்மா" என்றாள். அதற்கு மேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தெரு முனையில் ஒரு தெலுங்குக் குடும்பம். பையன் கல்லூரியில் சேர்ந்ததும் மதிப்பெண் கேட்டு அப்பா போன் போட்டிருக்கிறார். மாணவர் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டோம் என்றுவிட்டார்கள். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கல்லூரியில் சேர்ந்த பிள்ளையின் கல்விப் பதிவேட்டின் மீதான உரிமையைப் பெற்றோரிடமிருந்து எடுத்துப் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறது. "ஃபீஸ் கட்ட மட்டும் எனக்கு லாகின் கொடுத்திருக்கான்" என்று அந்த மனிதர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்தக் கேட்கும் பழக்கம் எனக்கு நிஜமாகவே உறைத்தது 2019-இல், அத்தை, அதாவது என் மாமியார், ஆறு மாதம் வந்து தங்கியிருந்தபோது. ஒரு நாள் ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பித்தப்பையில் கல்.

நர்ஸ் வந்து கேட்ட எல்லாவற்றுக்கும் என் கணவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து வலி, என்ன மாத்திரை, என்ன சாப்பிட்டார். நர்ஸ் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "மன்னிக்கணும், நான் உங்க அம்மாகிட்டதான் பேசணும்." சக்கரம் வைத்த ஒரு கம்பத்தில் டேப்லெட்டை மாட்டி உருட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். இலங்கைத் தமிழ். "வணக்கம் அம்மா, எங்க நோகுது?" என்றது குரல்.

அந்த வலியிலும் அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எங்க ஆத்தா இப்படித்தான் நோவுன்னு சொல்லுவா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அடுத்த கேள்வி: "பூஜ்ஜியத்தில இருந்து பத்துக்குள்ள உங்கட நோவு எவ்வளவு?"

"பத்துக்கு எவ்வளவா? வலிக்குன்னா வலிக்கி. இதுக்குப் போயி மார்க்கு போடச் சொல்லுதாங்களே."

இதையும் அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொல்ல, நர்ஸ் சிரித்துவிட்டு எட்டு என்று எழுதிக்கொண்டார். பிறகு வந்தது அந்தக் கேள்வி. ஒருவேளை நினைவு தப்பினால் உயிர்காக்கும் கருவிகள் வைக்கலாமா கூடாதா என்று முன்கூட்டியே ஏதாவது எழுதி வைத்திருக்கிறீர்களா? என் கணவர் எழுந்தே விட்டார். "என்ன கேள்வி இது, கல்லு எடுக்க வந்த இடத்துல!" ஆஸ்பத்திரியில் சேரும் எல்லோரிடமும் கேட்டாக வேண்டிய கேள்வி என்றார் நர்ஸ். அத்தை பதறவில்லை. "எழுதலையே. எழுதணுமோ? குழாய் கிழாய் எல்லாம் வேண்டாம்னு எழுதிக்கச் சொல்லு" என்றார், கறிவேப்பிலை வேண்டாம் என்பது போல.

அதற்குள் வாட்ஸாப்பில் கணவரும் பாளையங்கோட்டையில் இருக்கும் அவர் அண்ணனும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: வலிக்கு ஊசி போட்டு, விமானம் ஏற்றி, ஊரில் வைத்து ஆபரேஷன். அறுவை மருத்துவர் வந்தார். இப்போது எடுத்தால் என்ன, தள்ளிப்போட்டால் என்ன ஆபத்து என்று அத்தையின் முகத்தைப் பார்த்தே விளக்கினார். பிறகு, "நீங்க என்ன விரும்புறீங்க?" என்றார்.

அத்தை பேசவே இல்லை. முதலில் மகனைப் பார்த்தார், பிறகு என்னை. "எங்கிட்ட எதுக்குக் கேக்காரு? அவன்கிட்ட கேக்கச் சொல்லு." மொழிபெயர்ப்பாளர் சொன்னார், "அம்மா, டாக்டர் உங்களிட்டத்தான் கேக்கிறார்." கல்யாணம், வீடு கட்டியது, நிலத்தை விற்றது, மாமா போன பிறகு யார் வீட்டில் இருப்பது, எதிலும் அத்தையிடம் யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. நானும்தான் கேட்டதில்லை.

"எடுத்துரச் சொல்லு. இந்த நோவோட என்னால பிளேன்ல உக்கார முடியாது" என்றார் கடைசியில்.

மறுநாள் எடுத்தார்கள், அதற்கடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். பில் மட்டும் மூன்று மாதம் வந்துகொண்டே இருந்தது: மயக்க மருந்துக்காரர் தனி, பரிசோதனைக் கூடம் தனி, ஆஸ்பத்திரி தனி. விசிட்டர் இன்சூரன்ஸ் கொஞ்சம் கொடுத்தது, மீதியைத் தவணையில் இரண்டு வருடம் கட்டினோம். உன் விருப்பம் என்று சொல்லும் நாட்டில் செலவும் உன்னுடையதுதான். இதைச் சொல்லாமல் அமெரிக்காவைப் புகழ்பவர்களை நான் நம்புவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளிகளிடம் அந்த உயிர்காக்கும் கருவிக் கேள்வியைக் கேட்கச் சொல்லும் சட்டத்தில் அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ், மூத்த புஷ், கையெழுத்திட்டது 1990 நவம்பரில். அதே மாதக் கடைசியில் அவர் இன்னொரு சட்டத்திலும் கையெழுத்திட்டார். வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி, ஆண்டுக்குச் சுமார் 1,40,000, எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு அதிலிருந்துதான் வருகிறது. நாலு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் அதே 7 சதவீதம். ஒரே மாதம், ஒரே பேனா என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஒரு சட்டம் ஒவ்வொரு மனிதரையும் தனித்தனியாகக் கேள் என்கிறது. இன்னொன்று எங்கே பிறந்தாய் என்பதோடு கேள்வியை நிறுத்திக்கொள்கிறது.

இந்த ஊர் விருந்துகளில் பெயர் கேட்டதும் அடுத்த கேள்வி "என்ன வேலை செய்றீங்க?" என்பதுதான். நான் ஊரில் ஐந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவள். அப்போது எச்-4 என்றால் வேலை செய்யக் கூடாது. அமெரிக்காவில் எதற்கும் கேட்கிற சமூகப் பாதுகாப்பு எண்கூட எனக்கு இருக்கவில்லை. 2015 மே மாதம்தான், கிரீன் கார்டு மனுவில் ஒரு கட்டம் தாண்டியவர்களின் மனைவி அல்லது கணவர் வேலை செய்யலாம் என்று விதி வந்தது. எங்களுக்கு அது 2016-இல் கைக்கு வந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் அந்தக் கேள்விக்கு நான் சிரித்துச் சமாளித்தேன்.

அந்த விதியில் பிள்ளைகளுக்கு இடமில்லை. மகளின் தோழிகள் பதினாறு வயதில் ஐஸ்கிரீம் கடையில் கரண்டி பிடித்து, சொந்தக் காசில் செருப்பு வாங்கினார்கள். தன் காலில் நிற்கப் பழகு என்பது இங்கே வேதம் மாதிரி. இவள் அதே கடையில் கோடை முழுக்க வாடிக்கையாளராகத்தான் நின்றாள். மூன்று வயதில் வந்தவள், நெல்லையை லீவுக்குப் போகும் ஊராகத்தான் தெரியும். அவளுக்கு இருபத்தொரு வயது ஆவதற்குள் கிரீன் கார்டு வரிசையில் எங்கள் முறை வரவில்லையென்றால் எங்கள் விசாவிலிருந்து கழன்றுவிடுவாள், சொந்தமாக மாணவர் விசா தேட வேண்டும். "ஆப்பிளா பிஸ்கட்டா" என்று கேட்டே வளர்த்த பிள்ளைக்கு இதை நாங்கள் எப்படிச் சொன்னோம் என்பதை வேறொரு பதிலில் எழுதுகிறேன். இன்று முடியாது.

அத்தை ஊருக்குத் திரும்பிய இரண்டாவது மாதம், கொழுந்தனாரின், இல்லை, கணவரின் அண்ணனின் போன் வந்தது. மூட்டுவலிக்கு அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார். டாக்டர் வழக்கம்போல இவரைப் பார்த்தே பேசியிருக்கிறார், என்ன ஊசி, எத்தனை நாள், கால் மடக்கலாமா. அத்தை நாற்காலியை டாக்டர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "நோவு எனக்குத்தான். எங்கிட்ட சொல்லுங்க" என்றாராம்.

"ஏலே, அம்மையக் கூட்டிட்டுப் போயி என்னல பண்ணி அனுப்பிருக்கிய?" என்று அண்ணன் கத்திக்கொண்டிருந்தார். பின்னால் அத்தை, போனை இங்கே தா என்று கேட்பது காதில் விழுந்தது.