வில்லங்கத்தோடு வந்த உரிமை

கேள்வி: உழைத்தவனுக்கே பொருள் சொந்தம் என்பது இயற்கைச் சட்டம். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் லாக் இதை அன்றே நிறுவிவிட்டார். அப்படியிருக்க, வரி என்ற பெயரில் அரசு அதில் கைவைப்பது திருட்டுதானே?

பதில்: லாக்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். குறுக்கு விசாரணையில் அவர் உங்களைக் கைவிட்டுவிடுவார். 1689இல் வெளிவந்த அவருடைய அரசாங்கம் பற்றிய இரண்டாம் ஆய்வுரையின் 140ஆம் பத்தியைப் பாருங்கள். பெருஞ்செலவில்லாமல் அரசு நடக்காது. அதன் பாதுகாப்பில் வாழ்கிற ஒவ்வொருவரும் தம் சொத்திலிருந்து தம் பங்கைக் கொடுப்பதே நியாயம் என்கிறார். பெரும்பான்மையின் சம்மதம் இல்லாமல் வசூலித்தால்தான் அது சொத்துரிமையை மீறுவது. உழைத்துச் சம்பாதித்ததற்கு வரி போடுவது கட்டாய உழைப்புக்கு ஒப்பானது என்றவர் அமெரிக்கத் தத்துவஞானி ராபர்ட் நோசிக், 1974இல் வந்த தம் புத்தகத்தில். நீங்கள் நோசிக்கின் வசனத்தை லாக்கின் வாயில் வைக்கிறீர்கள்.

சரி, லாக்கின் வாதம்தான் என்ன? பூமி எல்லோருக்கும் பொதுவாகத் தரப்பட்டது. ஒருவனுடைய உடல் அவனுடையது. ஆகவே அவன் உழைப்பும் அவனுடையது. பொதுவில் கிடக்கும் ஒன்றோடு அந்த உழைப்பைக் கலந்தால் அது அவனுக்குச் சொந்தமாகிறது. ஓக் மரத்தடியில் ஒருவன் கொட்டை பொறுக்கித் தின்கிறான். அது எப்போது அவனுடையதானது? செரித்தபோதா, தின்றபோதா, வேகவைத்தபோதா, வீட்டுக்குக் கொண்டுவந்தபோதா? முதலில் பொறுக்கியபோதே ஆகாவிட்டால் பிறகு எப்போதுமே ஆகாது என்கிறார். கச்சிதமான வாதம்தான். ஆனால் இந்த உரிமை வில்லங்கத்தோடு வருகிறது. மற்றவர்களுக்குப் போதுமான அளவு, அதே தரத்தில் மிஞ்ச வேண்டும். எடுத்தது கையில் கிடந்து அழுகக் கூடாது. அழுகினால் அது அடுத்தவன் பங்கு. லாக்கின் முதல் ஆய்வுரையின் 42ஆம் பத்தி இன்னும் கடுமை: வேறு வழியின்றித் தவிப்பவனுக்கு, இருப்பவனின் உபரியில் உரிமையே உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், உயிர்போகும் தேவையில் ஒருவன் எடுத்துக்கொள்வது திருட்டே ஆகாது என்று எழுதியிருந்தார். இவையெல்லாம் பின்னால் சேர்த்த சலுகைகள் அல்ல. பூமி பொது என்ற முதல் வரியிலிருந்து பிறந்தவை. அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் உரிமையும் இல்லை.

‘கொட்டைதானே அழுகும், பணம் அழுகாதே’ என்பீர்கள். லாக்கும் அதைத்தான் சொல்கிறார். அழுகாத தங்கத்துக்கும் வெள்ளிக்கும் மனிதர்கள் மதிப்பு வைக்க ஒப்புக்கொண்டதால்தான் ஒருவன் தேவைக்கு மேல் குவிக்க வழி பிறந்தது. அதாவது, பெருஞ்செல்வம் இயற்கை தந்தது அல்ல, மனிதர்களின் மௌனச் சம்மதம் தந்தது. அரசு அமைந்த பிறகு சொத்துரிமையை ஒழுங்குசெய்வது சட்டம்தான் என்றும் இரண்டாம் ஆய்வுரையின் 50ஆம் பத்தியில் எழுதிவிட்டார். பின்னால் தத்துவஞானிகள் டேவிட் ஹியூமும் (1740) இமானுவேல் காண்டும் (1797) இந்த இடத்தைத்தான் பெரிதாக்கினார்கள். ஹியூமுக்குச் சொத்து என்பது, படகில் இருவர் வாக்குறுதி எதுவும் இல்லாமலே சேர்ந்து துடுப்புப் போடுவதைப் போன்ற ஒரு பழக்க உடன்பாடு. காண்டுக்கோ, பொதுச்சட்டம் வரும்வரை எந்த உடைமையும் தற்காலிகம்தான்.

‘உழைப்பு’ என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். என் குதிரை தின்ற புல், என் வேலைக்காரன் வெட்டிய புல்தரைத் துண்டு, நான் தோண்டிய தாது மூன்றுமே எனக்குச் சொந்தம் என்று ஒரே மூச்சில் எழுதுகிறார் லாக். வெட்டியவன் வேலைக்காரன், சொந்தம் எஜமானுக்கு! உழைத்தவனுக்கே பொருள் என்பவர்கள் இந்த வாக்கியத்தை மட்டும் எப்படியோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனி உங்கள் நிஜமான வக்கீல் நோசிக். உழைப்பைக் கலந்தால் சொந்தம் என்பதைக் கேலி செய்தவரே அவர். என் தக்காளிச் சாறு ஒரு டப்பாவைக் கடலில் கொட்டி நன்றாகக் கலந்துவிட்டால் கடல் எனக்குச் சொந்தமா, அல்லது என் சாறு வீணானதுதான் மிச்சமா என்று கேட்டார். அவருடைய கோட்பாட்டில் சொத்து செல்லுபடியாக வேண்டுமானால் முதல் கைப்பற்றலும் நேர்மையாக இருக்க வேண்டும், அதன் பிறகு கைமாறிய ஒவ்வொரு முறையும் நேர்மையாக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது பலாத்காரமோ மோசடியோ இருந்தால் அதைச் சரிசெய்தாக வேண்டும். பழைய அநீதிகள் மிகப் பெரியவையாக இருந்தால், அவற்றைச் சரிசெய்யச் சில காலத்துக்கு இன்னும் விரிந்த அரசே தேவைப்படலாம் என்றும் அதே புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். உங்கள் மூலப்பத்திரத்தை எத்தனை தலைமுறை பின்னோக்கிக் காட்ட முடியும்?