பிழைதிருத்தித் திட்டத்தில் கூட்டுத் தலைமை குறித்து

வணக்கம். நான்கு ஆண்டுகளாகத் தனியாகப் பராமரித்துவரும் தமிழ்ப் பிழைதிருத்தியில், பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் ஒரே நிறுவனத்தில் பணிபுரியும் மூன்று பங்களிப்பாளர்கள் கூட்டுத் தலைமை கேட்பதாகவும், அதனால் முடிவுகள் இழுபடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், பெப் 572 என்ற முன்மொழிவைச் சுற்றி எழுந்த கடும் விவாதத்துக்குப் பின், 2018 ஜூலையில் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்தவர் யார் என்பதை அவர் சொல்லாததால், மையப் பங்களிப்பாளர்கள் பல மாதங்கள் விவாதித்து, 2019 தொடக்கத்தில்தான் ஐவர் கொண்ட வழிகாட்டுக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அக்குழுவில் ஒரே நிறுவனத்தவர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்களுக்கு மிகவும் வேண்டிய விதி அதுவே என்று கருதுகிறேன்.

ஆகவே மூவரில் இருவரையும், வெளியே ஒருவரையும் சேர்த்து, உங்களோடு நால்வராகத் தொடங்குங்கள். எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு வேண்டாம்: அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அமைப்பின் திட்டங்களில் உள்ளதைப் போல, 72 மணி நேரத்தில் எவரும் மறுக்காவிட்டால் ஒப்புதல் என்று கொண்டால், சொற்பட்டியல் திருத்தங்கள் தேங்காது. சந்தி விதிகளில் கருத்து சமமாகப் பிரிந்தால் மட்டும், முதல் ஓராண்டுக்கு இறுதிச் சொல் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் நான்கு ஆண்டு உழைப்புக்கு இந்த உரிமை நியாயமானதே.

குழு அமையும்வரை காத்திராமல், வெளியீட்டுக்கான கணக்கின் அணுகலை இன்றே இன்னொருவருக்கும் கொடுத்துவிடுங்கள். நான் பங்களித்த ஓர் எழுத்துருத் திட்டம், பராமரிப்பாளர் நோயுற்றபோது, அந்த ஒரு கடவுச்சொல்லுக்காகவே மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது.